மெதுவாகப் பிடித்தால்தான் ஒளி நிற்கும்

உட்புறம் முழுக்கக் கண்ணாடி பதித்த ஒரு பெட்டி. உள்ளே டார்ச் அடித்துவிட்டுப் பட்டென்று மூடினால் வெளிச்சம் மாட்டிக்கொள்ளுமா? மாட்டிக்கொள்ளும். ஆனால் மூடியிலிருந்து கையை எடுப்பதற்குள் அது காணாமல் போயிருக்கும். நல்ல வெள்ளிக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 98 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். மீதி உலோகத்துக்குள் சூடாக மாறிவிடும். 50 முறை மோதிய பிறகு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பெட்டி 10 சென்டிமீட்டர் அகலம் என்றால், 50 மோதலுக்கு ஒளி 5 மீட்டர் ஓடியிருக்கும். அதற்கு ஆகும் நேரம் வெறும் 17 நானோநொடி.

இப்போது அதே பெட்டியை அரை மைக்ரோமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். 50 மோதலும் 25 மைக்ரோமீட்டர் ஓட்டத்திலேயே முடிந்துவிடும். ஒளி தங்கும் நேரம் 0.1 பிக்கோநொடிக்கும் கீழே போய்விடும். சுவர் அதே சுவர்தான். அறை சிறுத்ததால் ஒளி அடிக்கடி மோதுகிறது, மோதும்போதெல்லாம் கொஞ்சம் பறிபோகிறது. சின்ன இடத்தில் நீண்ட நேரம் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் உலோகக் கண்ணாடி கைவிட்டுவிடும்.

அந்த இரண்டையும் சேர்த்துத் தருவதுதான் ஃபோட்டானிக் படிகக் கேவிட்டி, அதாவது சீராக மாறி மாறி அடுக்கிய பொருளுக்குள் ஒளியைச் சிறைவைக்கும் ஒரு சின்ன இடம். கேவிட்டியைக் குழி என்று சொன்னால், பின்னால் நிறைய வரப்போகும் துளைகளோடு குழம்பிவிடும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒளிக்கூடு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

சரி, எதற்காக இவ்வளவு சின்னதாக வேண்டும்? 1946-இல் இயற்பியலாளர் எட்வர்டு பர்செல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கிளர்ச்சியுற்ற அணு போன்ற ஒரு மூலம் எவ்வளவு வேகத்தில் ஆற்றலை உமிழும் என்பது அதன் சொந்தக் குணம் மட்டுமல்ல, அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. அவர் பேசியது ரேடியோ அதிர்வெண்களைப் பற்றி. ஒளிக்கும் அதே கணக்குதான். பொருத்தமான ஒத்ததிர்வுக் கூட்டுக்குள் மூலத்தை வைத்தால் உமிழ்வு வேகமாகும். எத்தனை மடங்கு என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, கூடு ஒளியை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதைச் சொல்லும் தரக் காரணி, சுருக்கமாக க்யூ. மற்றது, ஒளி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் பருமன். க்யூவைப் பருமனால் வகுத்தால் வருவதுதான் இந்தத் துறையில் எல்லோரும் துரத்தும் எண். குறைந்த சக்தியில் இயங்கும் லேசர், ஒற்றை ஒளித்துகளைக் கேட்டபோது தரும் மூலம், நுண்ணிய உணரி என்று பயன்கள் பல திசைகளில் போகின்றன. அடியில் இருப்பது இந்த விகிதம்தான்.

க்யூ என்பதைப் புரிந்துகொள்ள மரப்பலகையையும் வெண்கல மணியையும் தட்டிப் பாருங்கள். பலகை 'டொக்' என்று முடித்துக்கொள்ளும். மணி ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். தட்டிய பிறகு எத்தனை முறை அதிர்ந்து அடங்குகிறது என்பதன் அளவே க்யூ. கணக்காகச் சொன்னால், க்யூவை 6.28-ஆல் வகுத்தால் வரும் அத்தனை அதிர்வுகளில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிடும். தொலைத்தொடர்பு இழைகளில் ஓடும் 1550 நானோமீட்டர் ஒளி நொடிக்கு 193 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அந்த ஒளிக்கு க்யூ 10 லட்சம் என்றால், கூட்டில் தங்கும் நேரம் ஏறத்தாழ 0.8 நானோநொடி. நமது குட்டிக் கண்ணாடிப் பெட்டியோடு ஒப்பிட்டால் சுமார் பத்தாயிரம் மடங்கு.

உறிஞ்சாத சுவர்

உலோகத்தில் சிக்கல் அது ஒளியைத் தின்பதுதான். அப்படியானால் ஒளியைத் தின்னாத பொருளிலேயே சுவர் எழுப்பலாமே? 1550 நானோமீட்டர் ஒளிக்குத் தூய சிலிக்கான் கண்ணாடிபோல் ஊடுருவக்கூடியது. ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது. ஆனால் ஊடுருவ விடும் பொருள் எப்படிச் சுவராகும்? சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 3.48. காற்றிலிருந்து நேராக வந்து விழும் ஒளியில் ஒரு பரப்பு திருப்பி அனுப்புவது 31 சதவீதம்தான். சுவருக்கு இது போதாது.

ஒரு பரப்பு போதாது என்றால் அடுக்கடுக்காக வைக்கலாம். சிலிக்கான், காற்று, சிலிக்கான், காற்று என்று மாறி மாறி வைத்து, ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அந்தப் பொருளுக்குள் உள்ள அலைநீளத்தில் கால் பங்காக அமைத்தால், ஒவ்வொரு பரப்பிலிருந்தும் திரும்பும் சிற்றலைகள் முகட்டோடு முகடு சேர்ந்து ஒன்றையொன்று தூக்கிவிடும். முன்னோக்கிப் போகும் அலை உள்ளே போகப்போகத் தேய்ந்துவிடும். சில அடுக்குகளிலேயே 99 சதவீதத்தைத் தாண்டிவிடலாம். தேவையென்றால் இன்னும் சில அடுக்குகள், அவ்வளவுதான். ஒவ்வொரு பரப்பும் அரைமனதாகத்தான் தடுக்கிறது. எல்லாம் ஒரே தாளத்தில் தடுப்பதால் சுவர் உருவாகிறது. இப்படி அடுக்குகள் திரும்பத் திரும்ப வரும் ஊடகத்தில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் நெடுக்கம் உள்ளே நுழையவே முடியாது என்று ராலே பிரபு 1887-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1987-இல், எலி யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியாக ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு திசையில் மட்டுமல்ல, இரண்டு, மூன்று திசைகளிலும் பொருள் சீராக மாறி மாறி வந்தால் என்ன ஆகும்? யாப்லோனோவிச்சுக்கு உமிழ்வை அடக்க வேண்டும். ஜானுக்கு ஒளியை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். குறைக்கடத்திக்குள் எலக்ட்ரான்களுக்குத் தடைசெய்யப்பட்ட ஆற்றல் இடைவெளி இருப்பதுபோல, ஒளிக்கும் தடைசெய்யப்பட்ட அதிர்வெண் இடைவெளி ஒன்றைச் செய்துகாட்ட முடியும் என்பதுதான் இதன் சாரம். அந்த இடைவெளிக்குள் விழும் ஒளி படிகத்துக்குள் எந்தத் திசையிலும் பயணிக்க முடியாது. 1991-இல் யாப்லோனோவிச் குழு ஒரு மின்கடவாப் பொருள் கட்டியில் மூன்று சாய்ந்த திசைகளில் துளை போட்டு, மைக்ரோஅலைகளுக்கு முழு இடைவெளி இருப்பதைச் சோதனையில் காட்டியது.

ஒளி பற்றிய ஆய்வில் மைக்ரோஅலை எங்கே வந்தது என்று கேட்கலாம். மின்காந்தச் சமன்பாடுகளுக்கென்று சொந்தமாக ஒரு நீள அளவு கிடையாது. அமைப்பைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கினால், அது பத்தாயிரம் மடங்கு நீண்ட அலைகளிடம் அப்படியே அதே மாதிரி நடந்துகொள்ளும். 420 நானோமீட்டர் இடைவெளியில் செய்ய வேண்டிய துளைகளை 4.2 மில்லிமீட்டர் இடைவெளியில் ட்ரில் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். பொருளின் ஒளிவிலகல் எண் மட்டும் மாறாமல் இருந்தால் போதும். வடிவமைப்பாளர்கள் அளவுகளை நானோமீட்டரில் பேசாமல் "துளை இடைவெளியில் 0.29 பங்கு ஆரம்" என்று விகிதத்தில் பேசுவது இதனால்தான்.

ஒரு துளையை மறந்துவிடுதல்

முப்பரிமாணப் படிகம் கேட்க அழகு, நானோமீட்டர் அளவில் செய்ய நரகம். அதனால் பெரும்பாலோர் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். 200 நானோமீட்டரை ஒட்டிய தடிமனில் சிலிக்கான் தகடு ஒன்றை எடுத்து, அதில் தேன்கூடுபோல் நெருக்கமாக வட்டத் துளைகளைப் போடுவது. தகட்டுக்கு மேலும் கீழும் காற்று. தகட்டின் தளத்துக்குள் ஓட நினைக்கும் ஒளியைத் துளைகளின் ஒழுங்கு தடுக்கும். மேலும் கீழும் தப்ப நினைக்கும் ஒளியை, கண்ணாடி இழையில் நடப்பதுபோல் முழு அக எதிரொளிப்பு தடுக்கும். துளையுள்ள தகட்டில் மின்புலம் தகட்டின் தளத்திலேயே ஆடும் அலைகளுக்குத்தான் இந்தத் தடை இடைவெளி நன்றாக அமையும். நமக்கு அது போதும்.

இந்தப் படிகத்தின் நடுவில் ஒரு துளையைப் போடாமல் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் சிலிக்கான் சற்று அதிகம். ஒளிவிலகல் எண் கூடிய இடத்தில் அதிர்வெண் கீழே இறங்கும். ஆகவே தடை இடைவெளிக்கு மேலே இருந்த ஓர் அதிர்வு வழுக்கி, அந்த இடைவெளிக்குள் வந்து விழும். வந்த பிறகு போக்கிடம் இல்லை, ஏனென்றால் சுற்றிலும் உள்ள படிகம் அந்த அதிர்வெண்ணை அனுமதிக்காது. கூடு தயார். துளையைப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். அப்போது கீழேயிருந்து ஓர் அதிர்வு மேலேறி இடைவெளிக்குள் வரும். குறைக்கடத்திகளில் மாசு அணுக்கள் செய்யும் வேலையோடு இதற்குள்ள ஒற்றுமையைப் பார்த்து, இவற்றுக்குக் கொடையாளி, ஏற்பி என்றே பெயர் வைத்தார்கள். 1999-இல் கால்டெக்கில் ஆஸ்கர் பெயின்டரும் உடனிருந்தவர்களும் ஒரே ஒரு துளை இல்லாத இப்படிப்பட்ட கூட்டில் லேசரையே எழுப்பிக் காட்டினார்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரு தப்பான திருப்பம் எடுக்கிறார்கள். க்யூ போதவில்லையா, சுற்றிலும் இன்னும் பத்து வரிசை துளை போடு என்று கிளம்பிவிடுவார்கள். ஓட்டைப் பானையின் வாயை இறுக்கி மூடுவதுபோன்ற வேலை அது. கூட்டிலிருந்து ஒளி போக வழிகள் பல: பக்கவாட்டில் கசிவு, மேலும் கீழும் கசிவு, பொருள் உறிஞ்சுவது, சொரசொரப்பான விளிம்பில் சிதறுவது. இழப்புகள் ஒன்றோடொன்று கூடும். பக்கவாட்டுச் சுவர் மட்டும் இருந்தால் க்யூ ஒரு கோடி, மேல்கீழ்க் கசிவு மட்டும் இருந்தால் க்யூ 5,000 என்று வையுங்கள். மொத்த க்யூ 5,000-ஐக்கூட எட்டாது. பத்துப் பதினைந்து வரிசைகளிலேயே பக்கச் சுவர் வேண்டிய அளவு கெட்டியாகிவிடும். அப்புறம் ஒளி போவதெல்லாம் சுவரே இல்லாத மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும்தான்.

கூரையில்லாத அறை

முழு அக எதிரொளிப்பு இருக்கிறதே, அப்புறம் எப்படி மேலே கசிகிறது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். வடிவமைப்பின் முழு ரகசியமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காற்றில் 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு ஒளியலை தகட்டின் பரப்பில் சாய்வாக விழுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பரப்பின் மேல் அதன் முகடுகள் எவ்வளவு தள்ளித் தள்ளி விழும்? பரப்பை உரசிக்கொண்டு போனால் 1550 நானோமீட்டர். சாய்வு குறையக் குறைய, முகடுகள் இன்னும் தள்ளித் தள்ளி விழும். செங்குத்தாக விழுந்தால் முழுப் பரப்பும் ஒரே முகடுதான். எப்படிப் பார்த்தாலும் 1550-ஐ விட நெருக்கமாக முகடுகளை வைக்கக் காற்றிலுள்ள எந்த அலையாலும் முடியாது.

இப்போது தகட்டுக்குள் பாருங்கள். 420 நானோமீட்டருக்கு ஒரு துளை என்று வரிசையாக நிற்கும் படிகத்தில் சிக்கியிருக்கும் ஒளி, துளைகளோடு தாளம் போட்டுக்கொண்டு ஏறத்தாழ 840 நானோமீட்டருக்கு ஒரு முகடு என்று ஆடுகிறது. 840 என்பது 1550-ஐ விடச் சிறியது. காற்றில் இதனோடு ஒத்துப்போகக்கூடிய அலை ஒன்றுமே இல்லை. ஜோடி கிடைக்காத ஒளி வெளியே வர வழியில்லாமல் தகட்டுக்குள்ளேயே நிற்கிறது. முழு அக எதிரொளிப்பு என்று பள்ளியில் படித்தது இதைத்தான், வேறு வார்த்தைகளில்.

ஆனால் கூட்டுக்குள் இருப்பது முடிவில்லாமல் நீளும் அலை அல்ல. அது நடுவில் எழுந்து, இரண்டு பக்கமும் அடங்கிவிட வேண்டும். ஒலிப்பதிவை வெட்டி ஒட்டும் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். நீண்டு ஒலிக்கும் ஒரே சுரத்தை நடுவில் கத்தரித்தால், வெட்டிய இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். சுரத்தில் அந்தச் சத்தம் இல்லை. சட்டென்று நிறுத்தியதால் பிறந்தது அது. அந்த ஒரு 'டப்'புக்குள் தாழ்ந்தது, உயர்ந்தது என்று எல்லா அதிர்வெண்களும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால்தான் வெட்டும் இடத்தில் ஒலியை மெதுவாகத் தேய்த்து முடிப்பார்கள். 'டப்' காணாமல் போய்விடும்.

ஒளிக்கூட்டிலும் இதேதான், காலத்துக்குப் பதிலாக இடம். 840 நானோமீட்டர் தாளத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒளி, துளையின் விளிம்பில் சட்டென்று வெட்டுப்பட்டால், அதில் இல்லாத தாளங்களெல்லாம் வந்து கலந்துவிடும். 600, 1000, 1600, 3000 நானோமீட்டர் என்று எல்லா இடைவெளிகளிலும் சிறுசிறு துண்டுகள். அவற்றில் 1550-ஐ விடப் பெரிய இடைவெளியுள்ள துண்டுகளுக்குக் காற்றில் ஜோடி இருக்கிறது. அவை கிளம்பிவிடும். மேலும் கீழும் கசிவது அந்த 'டப்'தான்.

ஆகவே ஒளியை உடும்புப்பிடியாகப் பிடித்தால் அது மேல்வழியாகப் போய்விடும். விளிம்பில் மெதுவாகத் தேய்ந்து முடியும்படி விட்டுப் பிடித்தால்தான் நிற்கும். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுசுமு நோடா குழு 2003-இல் சொன்னதும் இதுதான். அவர்கள் ஒரே வரிசையில் அடுத்தடுத்து மூன்று துளைகளை விட்டுவிட்ட கூட்டை எடுத்துக்கொண்டார்கள். துறையில் இதற்கு எல்3 என்று பெயர். சாதாரண நிலையில் இதன் க்யூ சில ஆயிரம்தான். கூட்டின் இரண்டு முனைகளிலும் முதலில் நிற்கும் துளையை, துளை இடைவெளியில் 0.15 பங்கு வெளிப்பக்கமாக நகர்த்தினார்கள். அறுபது நானோமீட்டர் சொச்சம். துளையைச் சேர்க்கவில்லை, பொருளை மாற்றவில்லை, சுவரைத் தடிப்பாக்கவில்லை. க்யூ 45,000 ஆனது. பருமனோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஒரு கன மைக்ரோமீட்டரில் 0.07 பங்கு.

இரண்டு துளையை நகர்த்தியது எப்படி இவ்வளவு செய்தது? முனைத்துளை முன்பிருந்த இடத்தில் ஒளி முட்டி நின்றது. துளை தள்ளிப்போனதும் அதன் எதிரொளிப்பு அடுத்த துளைகளின் எதிரொளிப்போடு சற்றுத் தாளம் தவறிச் சேர்கிறது. அதனால் சுவர் அந்த இடத்தில் கொஞ்சம் மெத்தென்று ஆகி, ஒளியை இன்னும் சற்று உள்ளே வரவிட்டுத் திருப்புகிறது. புலத்தின் வடிவம் செங்குத்தாக வெட்டுப்படாமல் மணி வடிவத்தை நெருங்குகிறது. கணிதத்தில் காஸ் வளைவு என்று சொல்லும் அந்த மணி வடிவத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதைத் தாளங்களாகப் பிரித்துப் பார்த்தாலும் மணி வடிவம்தான் கிடைக்கும், தூரத்தில் வால்கள் மிச்சம் இருக்காது. 'டப்' சத்தமே இல்லாமல் முடியும் வடிவம் அது.

அதன்பின் எல்லோரும் மணி வடிவத்தைத் துரத்தினார்கள். 2005-இல் அதே கியோட்டோ குழு இன்னும் மென்மையாகப் போனது. ஒரு முழு வரிசைத் துளையை விட்டுவிட்டு ஒளிக்கு ஒரு பாதை அமைத்தார்கள். பாதையின் நடுப்பகுதியில் மட்டும் துளை இடைவெளி 420 நானோமீட்டர், இரண்டு பக்கமும் 410. படம் எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் நடுப்பகுதியில் ஓட அனுமதிக்கப்பட்ட ஓர் அதிர்வெண், பக்கங்களில் மயிரிழையில் தடைக்குள் விழுகிறது. மயிரிழை என்பதால் ஒளி முட்டி நிற்காமல் மெல்ல மெல்லத் தேய்கிறது. க்யூ 6 லட்சம். இந்த வகைக் கூட்டை மேலும் செதுக்கி, 2017-இல் 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டினார்கள். அதாவது அரை மைக்ரோமீட்டரை ஒட்டிய இடத்துக்குள் ஒளி 9 நானோநொடி உட்கார்ந்திருக்கிறது. வெளியே விட்டிருந்தால் அந்த நேரத்தில் 2.7 மீட்டர் போயிருக்கும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது தகட்டுக் கூடு அல்ல, நானோ கம்பிக் கூடு. அதன் கணக்கு அவ்வளவு சுத்தம். அரை மைக்ரோமீட்டர் அகலச் சிலிக்கான் பட்டையில் ஒரே வரிசைத் துளைகள். 2011-இல் கியிமின் குவானும் மார்கோ லோன்சாரும் இதற்கு ஒரு செய்முறையே எழுதிவிட்டார்கள். துளை இடைவெளியை மாற்றாதே. நடுவில் கூடு என்று தனியாக இடம் விடாதே. துளைகளின் அளவை மட்டும் நடுவிலிருந்து முனையை நோக்கித் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டு போ. இப்படிச் செய்தால் சுவரின் தடுக்கும் வலிமை நடுவில் பூஜ்யத்தில் தொடங்கி, தூரத்துக்கு நேர்விகிதத்தில் சீராக ஏறுகிறது. தேயும் வேகம் தூரத்தோடு நேராக ஏறினால், புலம் என்ன வடிவம் எடுக்கும்? தொகையிட்டால் அடுக்கில் தூரத்தின் வர்க்கம் வரும். அதுதான் மணி வடிவம். கணினியைத் தொடுவதற்கு முன்பே தாளில் இதைப் பார்த்துவிடலாம்.

பருமனைக் குறைக்கும் பக்கம்

க்யூவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். விகிதத்தின் கீழ்ப்பகுதியான பருமனுக்கும் ஒரு தந்திரம் உண்டு. ஒளியைச் சுருக்குவதற்கு அதன் அலைநீளமே தடை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். சிலிக்கானுக்குள் 1550 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம் 445 நானோமீட்டர். கூட்டின் பருமன் அந்தக் கனத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பது எண்ணம். ஆனால் சிலிக்கானும் காற்றும் சந்திக்கும் பரப்பில், பரப்புக்குச் செங்குத்தான மின்புலம் ஒரே தாவலில் 12 மடங்கு ஏறும். சிலிக்கானின் ஒளிவிலகல் எண்ணுடைய வர்க்கம்தான் அந்த 12. கூட்டின் நடுவில் மெல்லிய கீறல் ஒன்றைப் போட்டால், கீறலுக்குள் இருக்கும் காற்றில் புலம் குவிந்துவிடும். கீறலை இன்னும் குறுக்கி, இரண்டு கூர்முனைகள் எதிரெதிரே நிற்கும்படி செய்தால் இன்னும் குவியும். இந்த வழியில் பருமன் பத்திலொன்று, நூறிலொன்று என்று இறங்குகிறது. உள்ளே வந்து உட்காரும் மூலக்கூறைக் கண்டுபிடிக்கும் உணரிகளுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் ஒளி குவிந்திருப்பது பொருளுக்குள் அல்ல, அந்த மூலக்கூறு வரக்கூடிய காற்றில்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். க்யூ எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்பது போட்டிக்குச் சரி, வேலைக்கு அப்படியில்லை. ஒளியை நீண்ட நேரம் பிடித்துவைக்கும் கூடு, அதை வேகமாக வெளியே விடாது. நொடிக்கு 1,000 கோடி துடிப்புகள் அனுப்ப வேண்டிய ஓர் ஒளி மாடுலேட்டருக்கு (ஒளியில் செய்தியை ஏற்றும் கருவி) க்யூ 20,000-ஐத் தாண்டினால் ஒரு துடிப்பின் வால் அடுத்த துடிப்பின் தலையில் ஏறிவிடும். வேலை என்ன என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் க்யூவை முடிவு செய்ய வேண்டும்.

கையில் எடுத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு

வரிசை இதுதான்: அலைநீளம், பொருள், தகட்டுத் தடிமன் மூன்றையும் முதலில் நிறுத்திக்கொள்ளுங்கள். 1550 நானோமீட்டர், சிலிக்கான், 220 நானோமீட்டர் என்று தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமாக இருக்கிறது. கூடு இல்லாத வெறும் படிகத்தின் ஒரே ஒரு கட்டத்தை வைத்துத் தடை இடைவெளி எங்கே விழுகிறது என்று கணக்கிடுங்கள். துளை ஆரம் துளை இடைவெளியில் 0.29 பங்கு என்றால், துளை இடைவெளியை அலைநீளத்தால் வகுத்து வரும் 0.27 தடையின் உள்ளே வசதியாக உட்காரும். அதிலிருந்து 420 நானோமீட்டர் வந்துவிட்டது. பிறகு எல்3 கூட்டை வரைந்து, நேரத்தையும் இடத்தையும் சிறுசிறு கட்டங்களாக்கித் தீர்க்கும் நிரலில் ஓட்டுங்கள். இந்த முறையின் மூலவர் கேன் யீ, ஆண்டு 1966. எம்.ஐ.டி.யில் உருவான மீப் என்ற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது.

இங்கே கைசுடும் இடங்கள் உண்டு. க்யூ 10 லட்சம் என்றால் ஒளி அடங்கும்வரை கணினியை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. சில நூறு அதிர்வுகள் ஓட்டி, தேயும் சரிவிலிருந்து க்யூவைக் கணிக்க வேண்டும். ஒளியைத் தின்னும் எல்லையை மேலே வைக்க மறந்து, திருப்பி அனுப்பும் எல்லையை வைத்துவிட்டால் க்யூ கோடிகளில் வரும். அப்படி ஓர் எண் வந்தபோது நானும் ஒரு மாலை முழுக்க மகிழ்ச்சியாக இருந்திருக்கிறேன். கட்டத்தின் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடை ஆடினால் முதல் விடையை நம்பாதீர்கள்.

விடை நின்றபிறகு, தகட்டின் நடுத்தளத்தில் புலத்தை எடுத்துத் தாளங்களாகப் பிரித்து வரைந்து பாருங்கள். ஃபூரியே மாற்றம் என்பது இதுதான். படத்தின் நடுவில், 1550-க்கு மேலான இடைவெளிகளைக் குறிக்கும் வட்டத்துக்குள், எவ்வளவு வெளிச்சம் தெரிகிறதோ அவ்வளவு கசிவு. முனைத்துளையை ஐந்து ஐந்து நானோமீட்டராக நகர்த்தும்போது அந்த வட்டம் இருண்டுகொண்டே வந்து, ஓர் இடத்தில் மிக இருண்டு, பிறகு மறுபடி வெளுப்பதைப் பார்க்கலாம். முனைத்துளையோடு அடுத்தடுத்த துளைகளையும் சேர்த்து நகர்த்தத் தொடங்கினால் தேட வேண்டிய வழிகள் பெருகிவிடும். அந்த வேலையைக் கணினியிடம் விட்டு, மரபணு வழிமுறையில் (நல்ல வடிவங்களைக் கலந்து கலந்து மேம்படுத்தும் முறை) தேடி, 2014-இல் எல்3 கூட்டிலேயே 10 லட்சத்தைத் தாண்டிய க்யூவை அளந்து காட்டியிருக்கிறார்கள். துளைகள் எங்கே போய் நிற்கின்றன என்று பார்த்தால் மனிதக் கைக்குத் தோன்றியிராத இடங்களாக இருக்கும். புலத்தைப் பார்த்தால் பழைய மணி வடிவம்.

இவ்வளவும் கணினியில். செய்து பார்க்கும்போது எலக்ட்ரான் கற்றையால் துளைகளை வரைந்து, அயனிகளால் சிலிக்கானைக் குடைந்து, அடியிலிருக்கும் ஆக்சைடை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கரைத்துத் தகட்டை அந்தரத்தில் நிறுத்துவார்கள். துளையின் ஆரம் ஒரு நானோமீட்டர் பிசகினால் கூட்டின் அலைநீளம் சில நானோமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு நானோமீட்டர் என்பது சிலிக்கான் படிகத்தில் இரண்டு அணிக்கட்டங்களுக்கும் குறைவான நீளம். ஒரே வரைபடத்தில் பத்துக் கூடு செய்தால் பத்தும் பத்து அலைநீளத்தில் அதிரும். க்யூ 10 லட்சமுள்ள கூட்டின் ஒத்ததிர்வு அகலமோ 1.5 பிக்கோமீட்டர்தான். அதனால் செய்து முடித்த பிறகு இசைக்கருவிபோல் சுருதி சேர்க்க வேண்டியிருக்கிறது. பரப்பைக் கொஞ்சம் ஆக்சைடாக்கிக் கரைத்து எடுத்தால் அலைநீளம் குறையும். சூடாக்கினால் கூடும்: ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.08 நானோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், கூட்டின் வெப்பம் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு மாறினாலே ஒத்ததிர்வு தன் முழு அகலத்துக்கும் நகர்ந்து, உள்ளே அனுப்பும் லேசரோடு சேராமல் போய்விடும். உள்ளே குவிந்த ஒளியே சிலிக்கானைச் சூடாக்கி, கூட்டைத் தானாகவே சுருதி விலக வைப்பதும் உண்டு. அதனால் இந்தக் கூடுகளை அளப்பவர்கள் முதலில் செய்வது லேசரின் சக்தியை மைக்ரோவாட்டுக்கும் கீழே இறக்கிவைப்பது.